இரண்டு பேராக வருகிறோம், ஒருவராக இருப்போம்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் 31 ஆண்டுகள் வாழ்ந்து, 2019இல் பாளையங்கோட்டைக்குத் திரும்பிய ஓய்வுபெற்ற செவிலியர், ஊர் திரும்ப நினைக்கும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: எனக்கு 66 வயது, மனைவிக்கு 63. சொந்த ஊர் கும்பகோணம். 34 வருடமாக லண்டனில் இருக்கிறோம், இருவரும் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர்கள். ஒரே மகள் இல்ஃபோர்டில் இருக்கிறாள், பேரனுக்கு நான்கு வயது. ஊரில் அப்பா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. முற்றமும் ஊஞ்சலும் அப்படியே இருக்கின்றன. கடைசிக் காலத்தை அங்கே கழிக்க வேண்டும், என் காரியம் காவிரிக் கரையில் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. மனைவியோ "அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– ஒரு வாசகர், மேனர் பார்க்

பதில்: ஐயா, உங்கள் மனைவியைச் சம்மதிக்க வைக்க நான் உதவ மாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் கேட்டிருப்பதுதான் இந்த விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நானும் என் கணவரும் அதைக் கேட்டுக்கொள்ளாமலேயே வந்தோம். அதனால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2019 பிப்ரவரியில் வந்தோம். எனக்கு 65, அவருக்கு 69. வருவதற்கு முன்பே ரெட்டியார்பட்டிப் பக்கம் மனை வாங்கி, நான்கு படுக்கையறையோடு ஒரு வீடு கட்டியிருந்தார். ஈஸ்ட் ஹாமில் பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீட்டில் முப்பது வருடம் இருந்தவருக்கு, நாலு பக்கமும் வெறும் இடம் விட்டு ஒரு வீடு வேண்டும் என்று ஆசை. மா, சப்போட்டா, முருங்கை எல்லாம் வைத்தார். காலையில் எழுந்து குழாயைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவார். அந்த மூன்றே முக்கால் வருடமும் அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் லண்டனில் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அவருக்குத் துரோகம் செய்தவள் ஆவேன்.

ஆனால் கடைக்குப் போக ஒன்றரைக் கிலோமீட்டர். கார் ஓட்டுவது அவர்தான். லண்டனில் இருபது வருடம் நான் கார் ஓட்டியிருக்கிறேன், இரவு டியூட்டி முடித்து மழையில் தனியாக வந்திருக்கிறேன். இங்கே நான்குவழிச் சாலையைப் பார்த்ததும் பயந்து சாவியைத் தொடவே இல்லை. சரி, அவர் இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன். வங்கி, மின்கட்டணம், வீட்டு வரி, கேஸ் புக்கிங் எல்லாம் அவர் போனில். பணம் அனுப்புவதற்கான ஓ.டி.பி.யும் அவர் எண்ணுக்குத்தான் வரும்.

2022 நவம்பரில் ஒரு நாள் அதிகாலை இரண்டு மணிக்கு அவருக்குப் பக்கவாதம் வந்தது. முகம் ஒரு பக்கம் இழுத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை நோயாளிகளுக்கு அதைப் பார்த்திருக்கிறேன். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் இருக்கிறது என்பதும் தெரியும். உடனே 108க்குப் போன் செய்தேன். வண்டி ஓட்டுபவர் "எந்த வழியாம்மா வரணும்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்றே முக்கால் வருடம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தே பழகியவளுக்கு மெயின் ரோட்டிலிருந்து எத்தனையாவது திருப்பம் என்று தெரியாது. தெருப் பெயர்ப் பலகையும் இல்லை. கடைசியில் நானே டார்ச்சை எடுத்துக்கொண்டு, அவரைத் தனியே விட்டுவிட்டு, மெயின் ரோடு வரை ஓடினேன்.

ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் போய்விட்டார். கொஞ்சம் முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று மகள் ஒருமுறை கேட்டாள். ஸ்கேனில் தெரிந்தது இரத்தக்கசிவு, அந்த ஊசியே அதற்குப் போடக் கூடாது என்று உண்மையைச் சொன்னேன். ஆனாலும் அந்த ஓட்டம் என் காலில் இன்னும் இருக்கிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாங்கள் எல்லாக் கணக்கையும் இரண்டு பேருக்காகப் போட்டோம். வீடு, தூரம், பணம், கார், எல்லாம். முதுமையில் ஊர் திரும்பும் எந்தத் தம்பதியும் கடைசி வரை இரண்டு பேராக இருப்பதில்லை. சில வருடங்கள் இரண்டு பேர், அப்புறம் பல வருடங்கள் ஒருவர். அந்த ஒருவர் யார் என்று நமக்குத் தெரியாது. வயதைப் பார்த்தால் உங்கள் வீட்டில் அது உங்கள் மனைவியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். "அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்" என்று அவர் கேட்பது அந்த வருடங்களைப் பற்றித்தான். நீங்கள் காவிரிக் கரையில் நடக்கப்போகும் காரியத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள். அவர் அதற்கு மறுநாள் காலையைப் பற்றிக் கேட்கிறார்.

இப்போது அவருக்கு என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 60 தாண்டியவர்களுக்கான ஆய்ஸ்டர் அட்டை இருக்கும். பஸ்ஸிலும் டியூபிலும், வார நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு, காசு கொடுக்காமல் லண்டன் முழுக்கப் போகலாம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காய் முதல் மல்லிகைப்பூ வரை நடந்து போய் வாங்குவார். முருகன் கோவிலில் அவரைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். பேரனை நர்சரியிலிருந்து கூட்டிவருவார். யாரையும் கேட்காமல் அவர் செய்கிற காரியங்கள் இவை. கும்பகோணத்தில் இதில் எத்தனை இருக்கும்? அது உங்கள் ஊர், உங்கள் தெரு, உங்கள் அப்பா வீடு. கல்யாணமாகி வந்து, சில வருடம் இருந்துவிட்டு லண்டனுக்குப் போனவர் அவர். அவருக்கு அது மாமியார் வீடு.

அதற்காக வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் வந்ததற்காக வருந்தவில்லை, ஒரு நாளும் இல்லை. என்ன செய்யலாம் என்றால், லண்டன் வீட்டை விற்காமல் ஒரு வருடம் வந்து இருந்து பாருங்கள். மார்கழி, தை மாதம் மட்டும் வந்துவிட்டுப் போவது பார்ப்பதில் சேராது. அப்போது கச்சேரியும் பொங்கலும் குளிர்ந்த காற்றும் உறவுக்காரர்களும் சேர்ந்து ஊரே சொர்க்கமாகத் தெரியும். பங்குனியில் வந்து ஐப்பசி மழையையும் தாண்டி இருங்கள். சித்திரை வெயிலில் மின்சாரம் போன மத்தியானம் ஒன்றையாவது அந்த வீட்டில் கழியுங்கள். முடிந்தால் அதில் ஒரு மாதம் நீங்கள் லண்டன் போய்விட்டு, மனைவி மட்டும் தனியாக அங்கே இருந்து பார்க்கட்டும். அந்த ஒரு மாதம் சொல்லும் பதிலை நான் எழுத்தில் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் குடிமக்களான உங்களுக்கு, இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் தங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முற்றம், ஊஞ்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்து வீடு என்றால் வாசலில் நாலு படி, கொல்லையில் கழிப்பறை, ரேழியில் உயர்ந்த வாசற்படி எல்லாம் இருக்கும். வார்டில் இடுப்பு எலும்பு முறிந்து வந்த பாட்டிகளில் பாதிப் பேர் இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்தவர்கள்தான். ஊஞ்சலுக்கு எண்ணெய் போடும் முன்னால், படுக்கையறையை ஒட்டி ஒரு கழிப்பறையும் கைப்பிடிக் கம்பியும் போடுங்கள். முற்றத்துக்கு வழுக்காத தரை போடுங்கள்.

மனைவி கடைசியில் மாட்டேன் என்றால்? அப்போது வருடத்தில் நான்கு மாதம் ஊர், எட்டு மாதம் லண்டன் என்று இருங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. காவிரியைப் பொறுத்தவரை, லண்டனில் நடந்தாலும் அஸ்தியைக் கொண்டுவந்து கரைக்கலாம். எங்கள் கோவில் நண்பர்கள் பலருக்கு அப்படித்தான் நடந்தது.

கேள்வி: கவன்ட்ரியில் இருக்கிறேன், அடுத்த வருடம் ஓய்வு. பிரிட்டிஷ் அரசு தரும் ஸ்டேட் பென்ஷன் இந்தியாவுக்கு வருமா? வரி, வங்கிக் கணக்கு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பென்ஷன் வரும். ஆனால் உயராது. இதை ஓய்வு பெறும் வரை பலர் தெரிந்துகொள்வதே இல்லை. பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் ஸ்டேட் பென்ஷன் உயரும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு, இங்கே வந்து சேர்ந்தபோது வாங்கிய தொகையிலேயே நின்றுவிடும். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருப்பவர்களுக்கும் இதே கதிதான். நான் வந்த 2018-19இல் முழுப் புதிய ஸ்டேட் பென்ஷன் வாரத்துக்கு 164.35 பவுண்டு. 2025-26இல் அது 230.25. வருடத்துக்கு 3,400 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். என்.ஐ. என்ற தேசியக் காப்பீட்டுச் சந்தாவை 35 வருடம் கட்டினால்தான் முழுத்தொகை. எனக்கு 31 வருடம்தான் என்பதால் என் தொகை இன்னும் குறைவு. 2019இல் வாங்கியதையேதான் இன்றும் வாங்குகிறேன், 90 வயது வரை இருந்தாலும் அதேதான். லண்டனுக்குப் போய்த் தங்கும் வாரங்களுக்கு மட்டும் அன்றைய உயர்ந்த தொகை கிடைக்கும், திரும்பி வந்ததும் பழைய தொகைக்கு இறங்கிவிடும். இவ்வளவு வருடம் என்.ஐ. கட்டிய எங்களுக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன். இதை மாற்றக் கோரிப் பல வருடமாகப் போராடுகிறார்கள், இன்னும் மாறவில்லை. அதனால் பத்து வருடம் கழித்து விலைவாசி எப்படி இருக்கும், இந்தத் தொகை எதற்குப் போதும் என்று பாருங்கள்.

அந்தக் கணக்கையும் ஒருவருக்காகப் போடுங்கள். புதிய முறையில் கணவர் போனால் அவருடைய ஸ்டேட் பென்ஷன் பெரும்பாலும் அவரோடு போய்விடும். வேலை செய்த இடத்துப் பென்ஷனில்தான் துணைக்கு ஒரு பங்கு வரும். இருவர் பென்ஷனையும் கூட்டிப் பார்த்து வீட்டுச் செலவை முடிவு செய்தவர்கள், பாதி வருமானத்தில் அதே வீட்டை நடத்த வேண்டியிருக்கும்.

வரி விஷயத்தில், நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து வருபவருக்கு முதல் இரண்டு மூன்று நிதியாண்டுகள் ஆர்.என்.ஓ.ஆர். (இங்கே வசித்தாலும் வழக்கமாக வசிப்பவர் ஆகாதவர்) என்ற நிலை கிடைக்கும். முந்தைய பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டு வரிக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்திருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டில் இந்தியாவில் இருந்தது மொத்தம் 729 நாளுக்கு மேல் போகாமல் இருந்தாலோ அது பொருந்தும். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் வரும் வருமானத்துக்குப் பொதுவாக இங்கே வரி இல்லை. ஆனால் அந்தப் பணம் முதலில் அங்குள்ள கணக்கில் விழ வேண்டும். நேரே இந்தியக் கணக்கில் விழுந்தால் அது இங்கே பெற்ற வருமானமாகிவிடும். வேலை பார்த்த இடத்துப் பென்ஷனிலிருந்து மொத்தத் தொகை எடுப்பதாக இருந்தால், கிளம்பும் முன்பே இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஒரு ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். அதற்குக் கொடுக்கும் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நிரந்தரமாக வந்துவிட்டால், வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. ரூபாய்க் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் சொல்லிச் சாதாரணக் கணக்காகவோ ஆர்.எஃப்.சி. கணக்காகவோ மாற்ற வேண்டும். வெளிநாட்டுப் பணத்தைப் பவுண்டாகவே வைத்துக்கொள்ள ஆர்.எஃப்.சி. நல்லது. வெளிநாட்டு நாணயத்தில் போட்ட எஃப்.சி.என்.ஆர். வைப்பு இருந்தால் முதிர்வு வரை ஓடலாம்.

இவற்றைவிட எளிமையான ஒன்றைச் சொல்கிறேன். எல்லாக் கணக்கிலும் இருவர் பெயரும் இருக்கட்டும், நியமனதாரர் பெயர் பதிவாகியிருக்கட்டும். என் கணவர் பெயரில் மட்டும் ஒரு கணக்கு இருந்தது. நாமினி என்ற கட்டத்தை நிரப்ப மறந்துவிட்டார். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மகள் லண்டனிலிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்பி, அந்தப் பணத்தை எடுக்கப் பதினொரு மாதம் ஆனது. அப்புறம், பிரிட்டிஷ் சிம் கார்டு இரண்டு பேருக்கும் தனித்தனியாக உயிரோடு இருக்க வேண்டும். அங்குள்ள வங்கி ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். பென்ஷன் அலுவலகம் நாம் உயிரோடு இருக்கிறோமா என்று கேட்டு அவ்வப்போது ஒரு படிவம் அனுப்பும். சாட்சிக் கையெழுத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் பணம் நிற்கும். தபால் சரியாக வந்து சேரும் முகவரியைக் கொடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை வந்தவுடன் எடுங்கள். 65 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் நிறுவனங்கள் கட்டாயம் தர வேண்டும் என்று இருந்த வரம்பை 2024இல் நீக்கிவிட்டார்கள். ஏற்கனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம். அந்த மூன்று வருடம் எவ்வளவு சீக்கிரம் ஓட ஆரம்பிக்கிறதோ அவ்வளவு நல்லது. பிரிட்டனை விட்டு நிரந்தரமாக வந்துவிட்டால் என்.எச்.எஸ். அரசு மருத்துவமனைகளில் பொதுவாக இலவச சிகிச்சை கிடையாது. மகளைப் பார்க்கப் போகும்போது பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் பிரிட்டிஷ் குடிமகனாக இருந்து, மறுபடியும் அங்கேயே குடியேறத் திரும்பினால் அந்த உரிமை வந்த நாளிலிருந்தே உண்டு. வந்த வழி அடைபட்டுவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கேள்வி: ஸ்லவ்வில் 22 வருடம். இந்திய பாஸ்போர்ட்டும் ஐ.எல்.ஆரும் (பிரிட்டனில் காலவரையின்றித் தங்கும் அனுமதி) வைத்திருக்கிறேன். ஊருக்கு வரும் முன் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட வேண்டுமா?

பதில்: தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் ஐ.எல்.ஆர். போய்விடும். பிள்ளைகள் அங்கே இருந்து, பின்னால் அங்கே போய் இருக்க வேண்டிவரலாம் என்று தோன்றினால் குடியுரிமை வாங்கிக்கொண்டு வருவது நல்லது. வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும், இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. எடுக்க வேண்டும். ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் வீடு, மனை வாங்கலாம்; விவசாய நிலம் வாங்க முடியாது; ஓட்டுப் போட முடியாது. வாரிசாக வரும் விவசாய நிலத்தைப் பெறலாம்.

எங்கள் வீட்டில் நான் 2006இல் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினேன், அவர் கடைசி வரை இந்திய பாஸ்போர்ட்டை விடவில்லை. ஓட்டுப் போட வேண்டும் என்பார். 2019 தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, மை வைத்த விரலை அன்று சாயங்காலம் வரை நாலு பேரிடம் காட்டினார். அவர் பெயரில் இருந்த இரண்டு ஏக்கர் வயல் அவருக்குப் பின் வாரிசாக எனக்கு வந்தது. நான் வாங்கியிருக்க முடியாத நிலம் அது. உங்கள் வீட்டில் யார் எந்த பாஸ்போர்ட் வைத்திருப்பது என்பதையும், கடைசியில் தனியாக இருக்கப்போகிறவர் எங்கே போய் இருக்க விரும்புவார் என்று பார்த்தே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் தென்காசியில் இருக்கிறேன், ஆசிரியர். மனைவியும் வேலைக்குப் போகிறார். லண்டனில் இருக்கும் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஊருக்கு வந்து எங்கள் மாடியில் தங்கப்போவதாகச் சொல்கிறார்கள். "நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், என் வீட்டை உன் பேருக்கு எழுதிவைக்கிறேன்" என்கிறார் பெரியப்பா. அவர்தான் என்னைப் படிக்க வைத்தார். எப்படி மறுப்பது என்றும் தெரியவில்லை, எப்படி ஒப்புக்கொள்வது என்றும் தெரியவில்லை.

பதில்: தம்பி, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எழுதும் கடிதங்களுக்கு நடுவில் உங்கள் கடிதம் வந்தது. இப்படி ஒரு கடிதம் வராதா என்று நான் காத்திருந்தேன். நாங்கள் வரும்போது இங்கே இருக்கும் பிள்ளைகளிடம் கேட்காமலேயே வந்துவிடுகிறோம். உறவு இருக்கிறது, போதும் என்று நினைக்கிறோம். அந்த உறவு காலை எட்டு மணிக்கு டிபன் கட்டிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுகிறது என்பது எங்களுக்குத் தெரிவதில்லை.

முதலில், உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா? "பார்த்துக்கொள்" என்று சொல்வது உங்களிடம், பார்த்துக்கொள்ளப்போவது அவர். அவர் எதை மனதாரச் செய்ய முடியும் என்கிறாரோ அதை மட்டும் பெரியப்பாவிடம் ஒப்புக்கொள்ளுங்கள். இரவில் கூப்பிட்டால் ஓடிவருவோம், டாக்டரிடம் கூட்டிப்போவோம், ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகச் சாப்பிடுவோம் என்று சொல்லலாம். படுக்கையில் விழுந்தால் குளிப்பாட்டவும் திருப்பிப் படுக்க வைக்கவும் ஆள் வைக்க வேண்டும், அந்தச் சம்பளம் அவர்கள் பொறுப்பு என்று பெரியப்பாவிடம் இப்போதே சொல்லுங்கள். படுத்தபின் சொன்னால் அது காயமாகும். படுக்கைப் புண் வராமல் ஒருவரைப் பார்த்துக்கொள்வது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை. நான் அதைச் சம்பளத்துக்குச் செய்தவள், ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவேன். உங்கள் மனைவிக்கு ஷிப்ட் முடியாது. அப்புறம், மாடி வேண்டாம். கீழே ஒரு அறை, இல்லாவிட்டால் அதே தெருவில் ஒரு தரைதள வீடு.

வீட்டை எழுதிவைக்கும் விஷயத்தில், உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிவிடும் செட்டில்மெண்ட் பத்திரம் இப்போது வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். வேண்டுமானால் உயில் எழுதட்டும். அதுவும் பெரியம்மா இருக்கும் வரை வீடு அவருக்கு என்று எழுதட்டும். அப்படியே செட்டில்மெண்ட் செய்தாலும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டும். அப்போது, கவனிக்காவிட்டால் அதை ரத்து செய்யக் கோட்டாட்சியரிடம் போகும் உரிமை 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில், அவர்கள் இந்தியக் குடிமக்களாக இருந்தால், அவர்களுக்கு உண்டு. நீங்கள் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் சொத்து கைமாறினால் நீங்கள் செய்வதெல்லாம் அதற்காகத்தான் என்று சொந்தத்தில் யாராவது சொல்வார்கள், அந்தப் பேச்சில் உங்கள் அன்பு அடிபடும். படிக்க வைத்த கடனுக்குப் பதில் நீங்கள் கொடுப்பதாக இருக்கட்டும் இது, வீட்டுக்குப் பதிலாக வேண்டாம்.

கேள்வி: எனக்கு 71 வயது. கணவர் இறந்து இரண்டு வருடம். கிராய்டனில் தனியாக இருக்கிறேன். தங்கை பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இருக்கிறாள், வந்துவிடு என்கிறாள். மான்செஸ்டரில் இருக்கும் மகன் வேண்டாம் என்கிறான். இந்த வயதில், அதுவும் தனியாக வருவது மடத்தனமா?

பதில்: அம்மா, எங்களைப் போல இரண்டு பேராக வந்தவர்களைவிட உங்களுக்குத் தெளிவு அதிகம். யாருக்காகக் கணக்குப் போட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் போனபின் ரெட்டியார்பட்டி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நானும் பெருமாள்புரத்துக்கே வந்துவிட்டேன். இரண்டு அறை, சமையலறை, ஒரு சிறு வராந்தா, அவ்வளவுதான். மருந்துக் கடைக்கு எண்பது அடி எடுத்துவைத்தால் போதும், எண்ணிப் பார்த்திருக்கிறேன். வாரம் இருமுறை ஷேர் ஆட்டோவில் மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போய்க் கீரை வாங்குவேன். 108க்கு எப்படி வழி சொல்ல வேண்டும் என்று எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் பெய்த மழை உங்களுக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணியில் குறுக்குத்துறைக் கோவில் மூழ்கிவிட்டது. எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மின்சாரம் இல்லை, போன் கோபுரமும் நின்றுவிட்டது. லண்டனில் மகள் இரண்டு நாள் என் குரல் கேட்காமல் தவித்துப்போனாள். இங்கே நான் எதிர்வீட்டு டீச்சர் வீட்டு மாடியில் இருந்தேன். தண்ணீர் ஏறும் என்று தெரிந்ததும் அவர் மகன் வந்து, கேட்காமலேயே என் மாத்திரை டப்பாவையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு என்னைக் கைபிடித்து நடத்திப் போனான். அந்த வீட்டுக்கு நான் குடிவந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு நாளும் அவர்களோடு ரசமும் துவையலுமாகச் சாப்பிட்டோம். ரெட்டியார்பட்டியில் தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அந்த எட்டு மாதத்தில் நான் என்ன செய்தேன் என்றால், தினமும் சாயங்காலம் தெருவில் யாருக்காவது பிரஷர் பார்த்தேன். டீச்சரின் மாமியாருக்குச் சர்க்கரைப் புண் கட்டினேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான். உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று எழுதவில்லை. தையலோ, கணக்கோ, கோலமோ, பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பதோ, கை கால் நன்றாக இருக்கும்போதே அதோடு வந்து சேர்ந்தால் தெரு உங்களைத் தெரிந்துகொள்ளும். 71 தாமதம் இல்லை. நடக்க முடியாமல் ஆனபின் வந்தால்தான் தங்கை ஒருத்தியை மட்டுமே நம்பி இருக்க வேண்டிவரும். அவளுக்கும் வயதாகிறது.

தங்கை வீட்டிலேயே தங்க வேண்டாம். அதே தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ தனி வீடு பாருங்கள். மகன் பயப்படுவதில் தவறில்லை, அவனை ஒரு மாதம் உங்களோடு வந்து இருக்கச் சொல்லுங்கள். யார் கதவைத் தட்டுகிறார்கள், யார் குழம்பு கொண்டுவருகிறார்கள் என்று அவன் கண்ணால் பார்க்கட்டும். வரும்போது மே மாதத்தில் வாருங்கள், வெயிலையும் பார்த்துவிடலாம். ஆனி மாதம் வரை இருந்தால் நெல்லையப்பர் தேரும் பார்க்கலாம். எங்கள் தெருவில் தரைதளத்தில் ஒரு வீடு வைகாசியில் காலியாகிறது, படி இல்லை, குளியலறை உள்ளேயே இருக்கிறது. வீட்டுக்காரரிடம் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். இதழின் அலுவலகத்தில் உங்கள் எண்ணைக் கொடுங்கள், நானே கூப்பிடுகிறேன்.